குழிமுசலும் ஆவுளியாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசும் அறிஞர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையிலே விலங்குகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இது தமிழ்ச் சங்கமா, விலங்குக் காட்சிச்சாலையா என்று எவரும் சினவற்க. இப்பொருளை எமக்குத் தந்தவள் நம் காலனியைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

சென்ற கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து பைக்குளாவிலுள்ள ராணி பாகிற்குச் சென்றிருந்தோம். அங்கே பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் அருகே கல்யானை ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காராபுரித் தீவிற்குப் போர்த்துக்கீசியர் எலிஃபண்டா என்று பெயரிடக் காரணமாயிருந்த யானை அதுவே. 1864-ஆம் ஆண்டில் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்ல முயன்றபோது பாரந்தூக்கி முறிந்தது. யானையும் விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளை 1914-இல் பொருத்தி மீண்டும் நிறுத்தினார்கள். இவ்வரலாற்றையெல்லாம் யாம் பெருமிதத்தோடு கூறி முடித்தவுடன் அச்சிறுமி, "மாமா, யானைக்குச் சொந்தக்காரர் யார்?" என்று கேட்டாள். கணமும் தயங்காமல், "காண்டாமிருகமும் நீர்யானையும்" என்று விடை கூறிவிட்டோம். வீடு திரும்பி நூல்களைப் புரட்டிய பின்னரே, யாம் கூறியது முற்றிலும் பிழை என்பது விளங்கிற்று. காண்டாமிருகம் குதிரையின் உறவு. நீர்யானையின் நெருங்கிய உறவோ, கேட்டால் நம்பமாட்டீர்கள், திமிங்கிலம்!

மாட்டுங்கா என்னும் பெயரே மாதங்கம் என்னும் சொல்லினின்று வந்ததென்றும், 13-ஆம் நூற்றாண்டில் மாஹிமிலிருந்து ஆண்ட பீமதேவனின் யானைக் கொட்டடி இவ்விடத்தே இருந்ததென்றும் வழிவழியாகக் கூறுவர். களிறு, பிடி, வேழம் என்று யானைக்கு எத்தனையோ பெயர் வைத்த மொழி நம் மொழி. யானையின் பெயர் தாங்கிய ஊரிலே குடியிருந்துகொண்டு, அவ்வளவு பெயர் வைத்த மொழியையும் பேசிக்கொண்டு, யானையின் சுற்றத்தார் யாரென அறியாதிருந்தோமே என்ற நாணம் எம்மைப் பற்றிக்கொண்டது. அந்நாணத்தின் விளைவே இச்சொற்பொழிவு.

யானைக்கு இன்று உலகில் உயிரோடிருக்கும் நெருங்கிய உறவினர் இரு கூட்டத்தார். ஒரு கூட்டம் பாறையிடுக்கில் வாழ்வது. பருமனில் பூனையை ஒத்தது. மற்றொரு கூட்டம் கடலிலும் ஆற்றிலும் வாழ்வது. துடுப்பும் மீன்வாலும் உடையது. அவற்றுள் ஒன்று நம் தமிழகத்துக் கடலிலேயே வாழ்கிறது. முதலிற் பாறைவாசியைக் காண்போம்.

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தோர்க்கு இதன் பெயர் புதிதன்று. 'குழிமுசல்' என்று அதில் வருவது இவ்விலங்கே. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் கிறித்தவக் குடும்பத்துப் பெரியோர் இச்சொல்லை எத்தனையோ முறை வாய்விட்டுப் படித்திருப்பர், விலங்கைக் கண்டிருக்கமாட்டார்கள். இந்தியாவில் இல்லாத உயிருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பெயர் படைக்க வேண்டியதாயிற்று. ஆனால் இவ்விலங்கு குழி தோண்டுவதுமில்லை, இது முசலுமன்று! அவர்களை நாம் குறை கூறவும் வேண்டா. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் முயலின் பெயரையே இதற்குச் சூட்டினர். ஹைரக்ஸ் என்று இன்று வழங்கும் பெயரோ, கிரேக்க மொழியில் மூஞ்சூற்றைக் குறிப்பது. 1766-இல் இதற்கு அறிவியற் பெயரிட்ட பல்லாஸ் என்னும் அறிஞர் இதனைக் கினிப்பன்றியின் இனத்திற் சேர்த்தார். அவர்க்குப் பின்வந்த குவியே, 'இது கொறிக்கும் விலங்கன்று' என்று சரியாகவே கண்டார். ஆனால் கொண்டுபோய் நிறுத்திய இடம் காண்டாமிருகத்தின் பக்கம். எம் பிழைக்கு இவ்வளவு பெரிய துணை கிடைத்ததில் எமக்குச் சிறிது ஆறுதலே.

பாறைக் குழிமுசல் ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ எடையுள்ளது. பழுப்பு மயிர், சிறு செவி, குட்டைக் கால். வால் வெளியே தெரிவதில்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும், சினாய், இஸ்ரேல், யோர்தான், லெபனான் நாடுகளிலும், அரேபியத் தீபகற்பத்து மலைகளிலும் இது காணப்படும். அரபு மொழியில் இதன் பெயர் வபர். வளைகுடா நாடுகளிலே பணிபுரியும் நம் பிள்ளைகளுள் சவூதியின் மேற்கு மலைகட்கோ, ஓமானின் தென்பகுதிக்கோ சென்றவர் இதனைக் கண்டு ஏதோ பெருச்சாளி என்று எண்ணியிருக்கக்கூடும். இதன் சுற்றத்தில் மரத்தில் வாழும் வகைகளும் உள்ளன. நைஜர், வோல்ட்டா என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் வாழும் ஒருவகையை, அதன் குரல் நாய் குரைப்பது போன்றிருந்ததைக் கொண்டு ஆராயத் தொடங்கி, தனி இனமென்று 2021-இல் அறிவித்தனர்.

இத்துணைச் சிற்றுயிர் யானைக்கு உறவாவது எங்ஙனம்? காலைப் பாருங்கள்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பின்காலின் ஒரு விரலிலுள்ள நீண்ட உகிர் நீங்கலாக, மற்றவற்றில் இருப்பவை தட்டையான நகங்கள். யானைக் காலில் நாம் காண்பவற்றின் சிறு வடிவங்கள். வாயைப் பாருங்கள்: பன்றிக்கு வெளியே நீள்வது கோரைப்பல். யானையின் தந்தமோ வெட்டுப்பல்லே. குழிமுசலுக்கும் மேல்வரிசை வெட்டுப்பற்கள் இரண்டும் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன. எலிக்கும் அப்படித்தானே என்பீர்கள். எலியின் பல் உளி போன்றது. இதன் பல் கூர்முனை கொண்டு, தந்தம்போற் கீழ்நோக்கி நீள்வது.

தாய்மார்களுக்கு இவற்றினும் வியப்பூட்டும் சான்று ஒன்றுண்டு. பூனையின் சூற்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். பூனையளவேயான குழிமுசல் தன் குட்டிகளை ஏழரை மாதம் சுமக்கின்றது! யானை சுமப்பது 22 மாதம். இத்துணைச் சிறிய உடல் அவ்வளவு காலம் ஏன் சுமக்க வேண்டும்? இதன் முன்னோர் பேருருவினராய் இருந்த காலத்து வழக்கத்தை உடல் இன்னும் விடவில்லை என்று அறிஞர் கருதுவர். பிறக்கும் குட்டி கண் திறந்தே பிறக்கிறது. உடல் முழுதும் மயிரோடு பிறக்கிறது. பிறந்த சில நாளிலேயே புல்லைக் கடித்துப் பார்க்கிறது. பின்னர் உயிரணுக்களிலுள்ள புரதங்களையும் மரபுப் பொருளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, உருவத்தைப் பார்த்து ஐயுற்றோர்க்கும் ஐயம் நீங்கிற்று.

இனி, இதன் வாழ்க்கையைச் சொல்வோம். யாம் மிகவும் மகிழ்ந்து படித்த பகுதி இது.

குழிமுசல் தன் உடல் வெப்பத்தைச் சீராகக் காத்துக்கொள்ளும் திறன் குறைந்தது. ஆதலின் இரவில் பாறையிடுக்கில் ஒன்றையொன்று நெருக்கி, சில வேளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் படுத்துறங்கும். பத்துக்குப் பத்து அறையில் எண்மர் முடங்கிப் படுத்து இந்நகரில் வாழ்வைத் தொடங்கிய நம் முதல் தலைமுறையார்க்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. விடிந்ததும் கூட்டம் முழுதும் வெளியே வந்து வெயிலிலே கிடக்கும். உடல் காய்ந்த பின்பே உணவு. உண்பதும் சிறுபொழுதே, விரைவாக மேய்ந்துவிட்டு மீண்டும் பாறைக்குத் திரும்பிவிடும். நாளின் பெரும்பகுதி சும்மா இருப்பதிலேயே கழிகிறது. ஞாயிற்றுக்கிழமையில் நம்மிற் சிலர் இவ்வொழுக்கத்தைத் தவறாது கைக்கொள்கின்றனர்.

மேயும்போது ஒன்று மட்டும் உயரத்தில் அமர்ந்து காவல் காக்கும். பகைவருள் முதன்மையானது ஆப்பிரிக்காவின் கருங்கழுகு; அக்கழுகின் உணவிற் பெரும்பங்கு குழிமுசலே. கழுகு சூரியனின் திசையிலிருந்து பாய்ந்தால் எவ்வுயிர்க்கும் கண் கூசுமன்றோ? குழிமுசலின் கண்ணிலோ கருவிழியின் மேலே சிறு திரைபோன்ற பகுதி ஒன்று இறங்கி ஒளியைத் தடுக்கிறது. வெயிலை நோக்கியவாறே வானத்தைத் துழாவ இஃது உதவுகிறது. காவலன் கூவியதும் அத்தனையும் இடுக்கினுள் மறையும். செங்குத்தான பாறையிலும் வழுக்காமல் ஓடுவதற்கு உள்ளங்காலில் மெத்தென்ற பகுதி உண்டு. அஃது எப்போதும் வியர்வையால் ஈரமாயிருக்கும். அதன் நடுவே சற்றுக் குழிந்து பாறையைக் கவ்வும்.

கழிவிடத்தைக் கூறுவதற்கு அவையோர் பொறுத்தருள வேண்டும். கூட்டம் முழுவதும் ஒரே இடத்தையே இதற்குப் பயன்படுத்தும். அடுத்த தலைமுறையும் அவ்விடத்தையே நாடும். இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து இறுகிய அடுக்குகள் ஆப்பிரிக்கப் பாறைகளில் உள்ளன. அவற்றினுள் சிக்கிய மகரந்தத்தைக் கொண்டு, அக்காலத்தே எவ்வகைச் செடிகள் முளைத்தன, மழை எப்படியிருந்தது என்று இன்று கணக்கிடுகின்றனர். வாசனைத் திரவியம் செய்வோரும் அப்பொருளை வாங்குகின்றனர் என்பதை மட்டும் கூறி மேலே செல்கிறோம்.

பாட்டுக்கு வருவோம். வயது முதிர்ந்த ஆண், பாறையின் மேல் அமர்ந்து பாடும். ஊளை, உறுமல், குறுகிய கொக்கரிப்பு எனப் பலவகை ஒலிகளைக் கோத்து, சில நிமிடம் வரை தொடர்ந்து, குரலை உயர்த்திக்கொண்டே போகும். இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இப்பாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். பாடுவதன் எடை, வயது, கூட்டத்தில் அதற்குள்ள நிலை ஆகியவை பாட்டிலே வெளிப்படுகின்றன என்பது ஒரு முடிபு. மற்றொன்று 2012-இல் வெளிவந்தது: ஒலிகள் கோக்கப்படும் முறை ஒவ்வோர் இடத்திலும் வேறுபடுகிறது, அடுத்தடுத்து வாழும் கூட்டங்களின் பாட்டு ஒத்திருக்கிறது, குறுகிய தொலைவுகளுக்குள் தொலைவு கூடக்கூட வேற்றுமையும் கூடுகிறது. அஃதாவது, குழிமுசலுக்கும் வட்டார வழக்கு உண்டு! தாராவியில் திருநெல்வேலித் தமிழும், மாட்டுங்காவில் பாலக்காட்டுத் தமிழும், செம்பூர் வாசலில் தஞ்சைத் தமிழும் கேட்டு வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இஃது எளிதிற் புரியும்.

தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டிச் சமவெளியில் ஆங்காங்கே தனிப்பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அக்குன்றுகளில் பாறைக் குழிமுசலும் புதர்க் குழிமுசலும் சேர்ந்தே குடியிருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இனம்; தம்முள் மணவுறவு கொள்வதில்லை. ஒன்று பெரும்பாலும் புல்லை மேய்கிறது. மற்றொன்று தழையை உண்கிறது. எனினும் இரவில் ஒரே இடுக்கில் நெருங்கிப் படுக்கின்றன. காலையில் ஒன்றாகவே வெயில் காய்கின்றன. இரண்டின் குட்டிகளும் கூடி விளையாடுகின்றன. மராட்டிய அயலாரின் வீட்டுப் பூரண் போளியும் நம் வீட்டு இட்டிலியும் பண்டிகைதோறும் மாடிப்படியில் இடம் மாறுவதை யாம் நினைத்துக்கொண்டோம்.

பெண் குட்டிகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆண் குட்டிகள் பருவமெய்தியதும் வெளியேறிவிடுகின்றன. வேறு பாறை தேடிச் செல்லும் அவ்வழியில் இடுக்கு இல்லை, காவலன் இல்லை. கழுகுக்கு இரையாவன பல. இதற்குமேல் இதனைப் பற்றி ஒன்றும் கூறாமல் விடுகிறோம். ஊரை விட்டுப் பதினாறு வயதில் ரயிலேறிய பெரியவர்கள் இவ்வவையில் பலர் இருக்கின்றனர்.

இச்சிற்றுயிரின் குலம் ஒரு காலத்தில் ஓங்கி வாழ்ந்த குலம். எகிப்து நாட்டின் ஃபையூம் பகுதியில் 3 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. அக்காலத்தே அங்கே புல்லையும் தழையையும் மேய்ந்த விலங்குகளில் இக்குலத்தாரே மலிந்திருந்தனர். முயலளவு முதல் காண்டாமிருகத்தின் பருமன் வரை இவர்களுள் வகைகள் இருந்தன. பின்னர் மான், மாடு முதலிய அசைபோடும் விலங்குகள் பெருகின. சமவெளி அவற்றின் கையிற் போயிற்று. பிறர் விரும்பாத பாறையையும் மரத்தையும் பற்றிக்கொண்ட சிறியவர் மட்டும் எஞ்சினர்.

அன்பர்களே, கடலுக்குச் சென்ற உறவினரைப் பற்றி இனிக் கூறவேண்டும். இது நம் வீட்டுச் செய்தி.

பாக் நீரிணைக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆவுளியாவை நம்முள் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைக் கடற்கரையைச் சேர்ந்தோர் அறிவர். நூல்கள் கடற்பசு என்று எழுதும். இப்பெயரும் குழிமுசலைப் போன்றதே. பசுவிற்கும் இதற்கும் உறவில்லை. மூன்று மீட்டர் வரை நீளும்; 300, 400 கிலோ எடையிருக்கும். முன்னங்கால் துடுப்பாயிற்று, பின்னங்கால் மறைந்தது. ஆயினும் யானையைப் போன்றே மார்பிலே பால் சுரந்து குட்டியை ஊட்டுகிறது. ஆணுக்குச் சிறு தந்தம் முளைக்கிறது. இதன் மற்றோர் உறவான மனாட்டி அமெரிக்க, ஆப்பிரிக்க நீர்நிலைகளில் வாழ்வது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் துடுப்பு நுனியில் யானை நகம் போன்ற நகங்களே இருக்கின்றன! காலே போன பின்னும் நகம் போகவில்லை.

ஆவுளியா சாதுவான விலங்கு. கடலடியில் வளரும் புல்லே இதன் உணவு. நாளொன்றுக்கு 30, 40 கிலோ மேயும். சில நிமிடத்திற்கொருமுறை மேலே வந்து மூச்சு விடும். சூற்காலம் பதின்மூன்று மாதத்திற்கும் மேல். ஈன்றால் ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை செல்லும். எழுபது ஆண்டு வாழக்கூடியது. இவ்வளவு மெல்லப் பெருகும் உயிர், இழப்பைத் தாங்காது. வலையிற் சிக்கிக்கொண்டால் மேலே வர இயலாமல் மூச்சடைத்து மாள்கிறது. இழுவை மடிகள் புல்வெளியை வாரிச் செல்கையில் மேய்ச்சலும் அழிகிறது. இந்தியக் கடல்கள் அனைத்தையும் கூட்டினாலும் இவை சில நூறே இருக்கும் என்பது மதிப்பீடு. கட்ச் வளைகுடாவிலும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் சில உள்ளன. பெரும்பகுதி நம் தமிழகக் கடலிலேதான்.

அழிவு எவ்வளவு விரைவில் நேரும் என்பதற்கு இக்குலத்திலேயே சான்றுண்டு. வடபசிபிக் கடலின் கொமாந்தர் தீவுகளையடுத்து எட்டு மீட்டர் நீளமுள்ள ஒருவகைக் கடற்பசு வாழ்ந்தது. 1741-இல் ஸ்டெல்லர் என்னும் இயற்கையறிஞர் அதனைக் கண்டு எழுதினார். தோலுக்காகக் கடல்விலங்கு வேட்டையாட வந்தோர் அதன் இறைச்சியை உணவாகக் கொண்டனர். 1768-ஆம் ஆண்டிற்குள் ஒன்றுகூட எஞ்சவில்லை. கண்டதற்கும் ஒழிந்ததற்கும் இடையே 27 ஆண்டு!

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் சேதுபாவாசத்திரத்தை அடுத்த ஊரினர். ஆவுளியாவைப் பற்றிக் கேட்டோம். "சிறுவயதில் கரையிலே அறுத்துப் பங்கிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஓலைக் கொட்டானில் எங்கள் வீட்டுக்கும் பங்கு வரும். உயிரோடு நீந்தியதை ஒருமுறையும் கண்டதில்லை" என்றார். சற்றுநேரம் வாளாவிருந்து, "இப்போது அங்கே இருக்கிறதா?" என்று எம்மையே கேட்டார்.

இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது. அதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. வலையிற் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்க்குப் பரிசுத்தொகையும் அளிக்கப்படுகிறது. வலை மீனவனின் முதல். அதனை அறுக்க மனம் எளிதில் வாராது. அங்ஙனமிருந்தும் அறுத்து விட்ட செய்திகள் அக்கரையிலிருந்து வந்தவண்ணம் உள்ளன. இங்கிருந்து கடிதமும் பணமும் அக்கரைக்கு அனுப்பியவர் நாம். இப்பொழுது தொலைபேசியில் நாள்தோறும் பேசுகிறோம். தம்பிமாரிடமும் மைத்துனன்மாரிடமும் மழையையும் மீன்விலையையும் கேட்கும்போது, ஆவுளியாவையும் ஒரு சொல் கேளுங்கள். மும்பையிலிருக்கும் அண்ணன் கேட்கிறான் என்றால் அச்சொல்லுக்கு ஊரிலே தனி மதிப்புண்டு. அதனை நாம் அறிவோம்.

அச்சிறுமியிடம் சென்று, யாம் முன்னர்க் கூறியது பிழையென்று ஒப்புக்கொண்டு, இவையனைத்தையும் விளக்கினோம். அவள் கேட்டுவிட்டு, "அப்படியானால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்களா, மாமா? ஒருவர் காட்டில், ஒருவர் பாறையில், ஒருவர் கடலில் இருக்கிறார்களே!" என்றாள். மறுபடியும் நூலைத்தான் புரட்டினோம். செங்கடலின் கரைமலைகள் சிலவற்றில் குழிமுசல் வாழ்கிறது. அக்கடலிலேயே ஆவுளியாவும் மேய்கிறது. மொசாம்பிக் நாட்டிலோ மூவரும் உளர்: காட்டிலே யானை, பாறையிலே குழிமுசல், பசருட்டோத் தீவுகளைச் சூழ்ந்த கடலிலே ஆவுளியா. நிலப்படத்தில் அந்நாட்டைக் காட்டினோம். பென்சிலால் அதனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

சலங்கையொலி திரைக்குப் பின்னே கேட்கிறது. அவளும் அங்கேதான் காத்திருக்கிறாள். எமக்கு அளித்த நேரம் முடிந்தது.